வேலூரிலிருந்து கொழும்புக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பு போக டிக்கெட் போட்டுவிட்டீர்களா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டிய இடம் வேலூரிலேயே இருக்கிறது. பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம். கண்டியை ஆண்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, 1816-இல் கப்பலேற்றி, குடும்பத்தோடு நம் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். பதினாறு வருடம் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே இருந்து, 1832 ஜனவரி 30-ஆம் தேதி இறந்துபோனார். கோட்டைக்குள் இருக்கும் கண்டி மகாலுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். மண்டபத்தைத் தமிழக அரசு 1990-இல் கட்டியது.

ஒரு அரை மணி நேரம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொழும்பு பெரிய ஊர். கையில் ஒரு நூல் இல்லாமல் இறங்கினால் கடை, கடற்கரை, உயரக் கட்டடம் என்று சுற்றிவிட்டு வந்துவிடுவோம். சமாதி நம்மிடம், சிம்மாசனம் அவர்களிடம். அந்த அரசர் வந்த வழியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் தானாகவே பிடிபடும். போன பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஐந்து நாள் போய்வந்தேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நேராக விமான நிலையம். பெட்டியோடு பஸ் மாறி மாறி ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் போகும் நேரத்தைவிடக் குறைவு.

இந்தியர்களுக்கு இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி வேண்டும். அதை இலங்கை அரசின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் போடுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய. கட்டண விதி அடிக்கடி மாறுவதால், போன வருடம் போன சித்தப்பா சொன்னதை நம்பாமல் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம் இரண்டையும் காகிதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கேட்டால் உடனே காட்டலாம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, அக்டோபர், நவம்பரில் மாலை மழை பலமாகப் பெய்யும். வேலூர் வெயில் பார்த்த நமக்கு அங்கே முப்பது, முப்பத்திரண்டு டிகிரி ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் கடல் காற்றின் ஈரம் வேறு விதம். நம் ஊர் வெயில் காய்ச்சும், அந்த ஊர் வெயில் பிழியும். பருத்திச் சட்டையே போடுங்கள், இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைச் சட்டையோ வெள்ளைச் சேலையோ இருந்தால் பௌத்த விகாரைக்குப் பயன்படும்.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம், நேரம் ஒன்றுதான். பிளக் விஷயத்தில் கவனம்: நம் உருண்டை முள் நுழையும் இடங்களும் உண்டு, சதுர முள் சாக்கெட் மட்டும் உள்ள விடுதிகளும் உண்டு. ஒரு அடாப்டர் போதும்.

இறங்கியதும்

விமான நிலையம் கொழும்பில் இல்லை, வடக்கே சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி கட்டுநாயக்கவில் இருக்கிறது. வருகைக் கூடத்திலேயே வங்கிக் கவுன்டர்கள் இருக்கின்றன. அங்கே மாற்றி ரசீதை வாங்கி வையுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. இதனால் முதல் நாள் எல்லா விலையும் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டு இட்லிக்கு இவ்வளவா என்று அம்மா கையை உதறினார். மூன்றால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் மாலைக்குள் வந்துவிடும். சிம் கார்டும் அங்கேயே வாங்கிவிடலாம்.

ஊருக்குள் போக 187-ஆம் எண் ஏ.சி. பஸ் இருக்கிறது, விரைவுச்சாலை வழியாகப் போகும். குடும்பமாக, பெட்டியோடு வந்தால் செயலியில் கார் போடுங்கள். அங்கே பிக்மீ, ஊபர் இரண்டும் ஓடுகின்றன. ஆட்டோவுக்கும் இதே செயலிதான். முதல் நாள் நான் செயலி இல்லாமல் தெருவில் கைகாட்டி ஏறி, மறுநாள் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு கொடுத்தேன். ஆகையால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே செயலியை இறக்கி வைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் தமிழர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கொழும்பின் மையப் பகுதிக்குத் தமிழில் 'கோட்டை' என்று பெயர். நாட்டின் சட்டப்படியான தலைநகரத்தின் பெயர் ஸ்ரீ ஜயவர்தனபுர 'கோட்டே'. நாடாளுமன்றம் 1982-இல் அங்கே போய்விட்டது. அது ஊரின் கிழக்குப் பக்கம், வேறு திசை. நாம் 'கோட்டை' என்று சொன்னால் சிங்கள ஓட்டுநர் காதில் 'கோட்டே' என்று விழ வாய்ப்பு உண்டு. அதனால் 'ஃபோர்ட்' என்றோ, சிங்களத்தில் 'கொட்டுவ' என்றோ சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள சந்தைப் பகுதி தமிழில் புறக்கோட்டை, சிங்களத்தில் பிட்டகொட்டுவ, ஆங்கிலத்தில் பெட்டா. இந்தப் பெட்டா நம் 'பேட்டை'தான். ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, சைதாப்பேட்டை என்று பேட்டைகளிலேயே வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைவிட என்ன வரவேற்பு வேண்டும்!

அப்புறம் எண்கள். கொழும்பு 1 முதல் 15 வரை ஊரைப் பிரித்திருக்கிறார்கள். கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. இந்த எட்டும் தெரிந்தால் போதும், முகவரியைப் பார்த்ததும் திசை தெரிந்துவிடும். தங்குவதற்கு நான் வெள்ளவத்தையைச் சொல்வேன். தமிழ்க் கடைகள், சைவச் சாப்பாடு, கடல், ரயில் நான்கும் நடக்கும் தூரத்தில்.

தமிழ் பேசுகிறவர் கவனத்துக்கு

தமிழ் அங்கே ஆட்சிமொழி. தெருப் பெயர், ரயில் நிலையம், பஸ் பலகை எல்லாவற்றிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஆனால் சொற்கள் வேறு. மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மன்னாரில் பிறந்து, சின்ன வயதில் படகில் வந்தவர். கிளம்புவதற்கு முன் என்னை உட்காரவைத்து, "அண்ணை, கடையில மச்சமோ சைவமோ எண்டு கேப்பினம். முழிக்காதீங்கோ" என்றார். அங்கே மச்சம் என்றால் அசைவம். மரக்கறி என்றால் காய்கறி. பாண் என்றால் ரொட்டி, சப்பாத்து என்றால் ஷூ, இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனவை. பேசுவதற்குக் கதைப்பது, புரிவதற்கு விளங்குவது, ஆமாம் என்பதற்கு ஓம். வழி கேட்டால் 'சந்தி' வரை போங்கள் என்பார்கள், நாலு ரோடு சேரும் இடம்.

நம்மைப்போல எல்லாரையும் 'அண்ணா' போட்டே கூப்பிடலாம், தவறில்லை. சிங்களத்திலும் உறவுச் சொல் வைத்துத்தான் அழைக்கிறார்கள். அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். அய்யா என்றால் மட்டும் அண்ணன். தம்பிக்கு மல்லி, தங்கைக்கு நங்கி. பஸ் கண்டக்டரை நீங்கள் மரியாதையாக 'ஐயா' என்று கூப்பிட்டால் அவருக்கு அது 'அண்ணே' என்று கேட்கும். இரண்டு பக்கமும் சந்தோஷம். கூடவே நாலு சொல் கற்றுக்கொள்ளுங்கள்: ஆயுபோவன் (வணக்கம்), ஸ்தூதி (நன்றி), கீயத (எவ்வளவு), எபா (வேண்டாம்). உடைந்த சிங்களத்தில் ஒரு 'ஸ்தூதி' சொன்னதற்கே ஒரு பழக்கடைப் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள்: கோட்டையும் புறக்கோட்டையும், கால்நடையாக

காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் கோட்டை. பெயர்தான் கோட்டை, நம் ஊரைப்போல அகழியும் மதிலும் தேடாதீர்கள். போர்ச்சுக்கீசியர் 1505-இல் வந்தார்கள், 1656-இல் டச்சுக்காரர், 1796-இல் ஆங்கிலேயர். மதில்களை ஆங்கிலேயர் காலத்திலேயே இடித்துவிட்டார்கள். டச்சு மருத்துவமனை என்ற பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம் இப்போது கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. 1857-இல் கட்டிய மணிக்கூண்டு பத்து வருடத்தில் கலங்கரை விளக்காகவும் ஆனது, கடலை விட்டுத் தள்ளி நடுத்தெருவில் நிற்கிறது.

அதே தெருவில், ஜனாதிபதி மாவத்தை என்று பெயர், செலின்கோ கட்டடத்தின் முன்னால், கார்கள் நிறுத்தும் இடத்தில், ஒரு சின்ன வெள்ளை அறை இருக்கிறது. தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள். கண்டி அரசரை வேலூருக்கு அனுப்பும் முன் இங்கே அடைத்து வைத்ததாகப் பலகை சொல்கிறது. இல்லை, அது பிற்காலத்துக் காவலர் கூண்டு என்று வாதாடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எதுவாகவும் இருக்கட்டும். பாலாற்றங்கரையில் சமாதியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த அறைக்கு முன்னால் கால் நிற்கும். எங்கள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த வட்டாரத்தில் ஜனாதிபதி மாளிகை இருப்பதால் கேமராவை எடுக்கும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அங்கிருந்து கோட்டை ரயில் நிலையத்தைத் தாண்டினால் புறக்கோட்டை. இங்கே இரண்டு மணி நேரமாவது வேண்டும். 1923-இல் ஒரு பம்பாய் பார்சிக் குடும்பம் கட்டிய கான் மணிக்கூண்டு நுழைவாசல் மாதிரி நிற்கும். அதற்கு உள்ளே குறுக்குத் தெருக்கள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம், இரண்டாம் தெருவில் துணி, உள்ளே போகப் போகப் பலசரக்கு, மசாலா, கருவாடு. கெபோஸ் லேன் என்ற சந்தில் நாட்டு மருந்துச் சரக்கு. வாசனையை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். தலைச்சுமைக்காரர்களும் கைவண்டிக்காரர்களும் நிற்காமல் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக ஒரு பள்ளிவாசல் எழும்பி நிற்கும். ஜாமி உல் அல்ஃபார், 1909-இல் முடிந்தது. தென்னிந்தியாவிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் எழுப்பியது. சம்மாங்கோடு பள்ளி என்றால் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சட்டென்று தெரியும். தொழுகை நேரம் தவிர்த்துக் கேட்டால் உள்ளே பார்க்க விடுவது உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை, பெண்களுக்குத் தலையில் துணி. ஆம்பூர், மேல்விசாரம், பேரணாம்பட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது செட்டியார் தெரு. தங்க நகைக் கடைகள் இரண்டு பக்கமும் அடைத்திருக்க, நடுவே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்களின் கோபுரங்கள். ஆடி மாதத்தில் இங்கிருந்துதான் ஆடிவேல் ரதம் புறப்பட்டு, கடலோரச் சாலை வழியாக பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போகிறது. ஆடிக் கிருத்திகை என்றால் வள்ளிமலை, ரத்தினகிரி, திருத்தணி என்று காவடி தூக்கி வளர்ந்த நமக்கு, கடல் தாண்டி ஒரு தலைநகரத்தின் பெரிய சாலையை முருகனுக்காக ஒதுக்கி விடுகிறார்கள் என்பது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. முடிந்தால் அந்தச் சமயத்தில் போங்கள்.

தெருவின் வடக்கு முனை கொச்சிக்கடையில் கொண்டுபோய் விடும். அங்கே பொன்னம்பலவாணேசர் கோயில், சர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பியது. உள்ளே இருட்டும் கல்லின் குளிர்ச்சியும் எண்ணெய் வாசனையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை அப்படியே கொண்டுவந்து நிறுத்தும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கோயில் மதியம் நடை சாத்துவதால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள்.

அதே கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. ஜூன் மாதமே சீரமைத்துத் திறந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை போனால் இந்தக் கோயிலின் உண்மையான முகத்தைப் பார்க்கலாம்: மெழுகுவத்தி ஏற்றும் வரிசையில் சிலுவை போட்டவரும் இருப்பார், திருநீறு பூசியவரும் இருப்பார், சிங்களப் பௌத்தப் பெண்களும் இருப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போகும் நம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். அங்கே படம் எடுக்காதீர்கள். அழுதுகொண்டிருப்பவர்கள் இருப்பார்கள்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் மேட்டில் வுல்வெண்டால் தேவாலயம், 1757-இல் டச்சுக்காரர் கட்டி முடித்தது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். எங்களுக்குக் கால் போதவில்லை, ஆட்டோ பிடித்தோம்.

ஒரு விஷயம். 1983 ஜூலையில் இதே புறக்கோட்டையிலும் பொரளையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன, ஆட்கள் கொல்லப்பட்டார்கள். நம் ஊர் முகாம்களில் இன்றைக்கும் இருக்கிறவர்களின் கதை அங்கேதான் வேர்விட்டது. நாலு நாள் வந்துபோகிற நாம் முன்பின் தெரியாதவரிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். ஒரு கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எரிந்த கடையைத் தன் அப்பா திரும்பக் கட்டிய கதையை அரை மணி நேரம் சொன்னார். அதற்காக அன்றைய மதியத் திட்டம் முழுவதையும் விட்டோம்.

இரண்டாம் நாள்: சிம்மாசனத்தைப் பார்க்க

கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்குங்கள். பொதுவாகக் காலை 9 முதல் மாலை 5 வரை, அரசு விடுமுறை நாளில் பூட்டியிருக்கும். 1877-இல் திறந்தார்கள். வெள்ளை மாளிகை மாதிரி இருக்கும், முன்னால் கிளை விரித்த பெரிய ஆலமரங்கள்.

கண்டி அரசர்களின் சிம்மாசனம் உள்ளே இருக்கிறது. 1693-இல் டச்சு ஆளுநர் கண்டி அரசருக்குப் பரிசாகக் கொடுத்தது, தங்கத் தகடு வேய்ந்து, கைப்பிடிகளில் சிங்கங்கள் வைத்தது. 1815 வரை ஆண்டவர்கள் எல்லாரும் அதில் அமர்ந்தவர்கள். கடைசியாக அமர்ந்தவர் பாலாற்றங்கரையில் படுத்திருப்பவர். ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்கு எடுத்துப்போய், 1934-இல் திருப்பிக் கொடுத்தார்கள். சிம்மாசனம் ஊர் திரும்பிவிட்டது, அரசர் திரும்பவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. காவலில் இருந்த அம்மையார் நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். வேலூர் என்றதும், "ராஜா இருக்கும் ஊர்" என்று பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகளிடம் சிங்களத்தில் சொன்னதை ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பிள்ளைகள் எங்களையும் ஒரு காட்சிப்பொருள் மாதிரி பார்த்தார்கள்.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். காலி என்ற ஊரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409 தேதியிட்டுச் செதுக்கிக் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு, பாரசீகப் பகுதி அல்லாவின் பெயரில். 1911-இல் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது, பொறுமையாகப் பாருங்கள். பல மொழி, பல மதம் என்று கொழும்பைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு அறுநூறு வருடத்துச் சாட்சி இந்தக் கல். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இங்கே உண்டு.

அருங்காட்சியகத்திலிருந்து சுதந்திர சதுக்கம் நடக்கும் தூரம்தான். 1948 பிப்ரவரி 4-இல் கிடைத்த சுதந்திரத்தின் நினைவாக எழுப்பிய மண்டபம். கண்டி அரண்மனையின் மரத்தூண் மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது. அந்த மூல மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2-இல் அரசரைப் பதவியிறக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடு போன இடத்தின் சாயலிலேயே நாடு கிடைத்ததற்கு நினைவு எழுப்பியிருக்கிறார்கள். தூண்களுக்கு நடுவே நல்ல காற்று, மதியம் இளைப்பாறலாம்.

மாலையில் பேரே ஏரிக்கரை. கங்காராமய விகாரையில் புத்தர் சிலைகளோடு பழைய கார்கள், கடிகாரங்கள், தந்தங்கள் எல்லாம் அடுக்கிவைத்திருப்பார்கள். ஏரிக்குள் மிதப்பதுபோல் இருக்கும் சீமா மாலகம் எனக்கு அதைவிடப் பிடித்தது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. அந்தப் பௌத்த மண்டபத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு முஸ்லிம் குடும்பம், இறந்த மகனின் நினைவாக. விகாரைகளில் செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கவே கூடாது, அதை அங்கே பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். உடம்பில் புத்தர் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

தாமரைக் கோபுரம் 350 மீட்டர். மேலே ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். பிள்ளைகள் கேட்டால் கூட்டிப்போங்கள்.

சாப்பாடு

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் அம்மா சைவம். இரண்டாம் நாள் ஒரு கடையில் 'மரக்கறிச் சாப்பாடு' என்று கேட்டு வாங்கி, பாதி சாப்பிட்ட பிறகு தேங்காய்ச் சம்பலில் மாசி போட்டிருப்பது தெரிந்தது. மாசி என்பது மாலத்தீவுக் கருவாட்டுத் தூள். அதை அங்கே பலர் மீனாகவே எண்ணுவதில்லை, உப்பு மாதிரி ஒரு சேர்மானம். அம்மா அன்று இரவு ஒன்றும் சாப்பிடவில்லை. அதனால் 'சைவக் கடை' என்றே பலகை போட்ட இடத்துக்குப் போங்கள். வேறு கடையென்றால் "மாசி போட்டிருக்கா?" என்று சம்பலைக் காட்டிக் கேளுங்கள். வட்டிலப்பம் என்ற இனிப்பில் முட்டை உண்டு, அதையும் நினைவில் வையுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஊரே விருந்து. இரவில் கொத்து ரொட்டி போடும் இரும்புத் தகட்டின் தாளம் ஒரு தெரு தள்ளிக் கேட்கும். கொம்பனித்தெருப் பக்கம் மலாய்க்காரர்கள் வாழ்கிறார்கள், அங்கே நாசி கோரெங் சாப்பிடலாம். லம்ப்ரைஸ் என்று சோறும் கறிகளும் வாழையிலையில் மடித்துச் சுட்டுத் தருவார்கள், டச்சு வழிவந்த பறங்கியர் வீட்டுச் சமையல். கத்தரிக்காய் மோஜு என்ற புளிப்பும் இனிப்பும் கலந்த தொடுகறி வந்தால் விடாதீர்கள். ஆம்பூர் பிரியாணிக்கு நாம் வைக்கும் கத்தரிக்காய்க்கு அது ஒன்றுவிட்ட தங்கை. பிரியாணி மட்டும் நம் சீரகச் சம்பா நாக்குக்கு ஒத்துவரவில்லை. இது என் கருத்து.

காலையில் சிவப்பரிசி இடியாப்பமும் சொதியும், வெறும் தேநீரில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும். ஐந்து நாளும் எனக்கு அலுக்கவில்லை.

ரயிலும் கடலும்

கோட்டை நிலையத்தில் தெற்கே போகும் கடலோர ரயிலில் ஏறி, வலது பக்க ஜன்னல் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று நிலையங்கள் வரும். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே சில இடங்களில் பாறை மட்டும்தான், அலைத் துளி முகத்தில் படும். டிக்கெட் மிகச் சொற்பம். அலுவலகம் விடும் நேரத்தைத் தவிர்த்து, மூன்று மணிக்குள் போங்கள். காலி வீதியில் பஸ் வேண்டுமென்றால் 100, 101. ரோட்டைக் கடக்க வரிக்கோட்டைப் பயன்படுத்துங்கள். காலை வைத்தால் பெரும்பாலும் வண்டிகள் நின்றுவிடுகின்றன. முதல் தடவை அதை நம்ப முடியாமல் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

சாயங்காலம் காலி முகத்திடல். கடலை ஒட்டிய நீளத் திடல், நடைபாதை 1859-இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் போட்டது. 2022-இல் மக்கள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டுப் போராடியதும் இங்கேதான். இப்போது பட்டம், இறால் வைத்துப் பொரித்த இஸ்ஸோ வடை, குழந்தைகள். பர்தா போட்ட குடும்பம், மல்லிகை வைத்த குடும்பம், குட்டைப் பாவாடைப் பெண்கள் எல்லாரும் ஒரே சுவரில் உட்கார்ந்து ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பயணத்தில் பௌர்ணமி வந்தால் அது போயா, அரசு விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள், அருங்காட்சியகம் மூடியிருக்கும். அன்றைக்குக் களனி விகாரைக்குப் போங்கள். வெள்ளை உடுத்தி ஊரே வரும். விபீஷணனுக்கு அங்கே சந்நிதி உண்டு.

கடைசி நாள், வெள்ளவத்தை

இதை மூட்டை கட்டும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். 1942-இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தை எட்டிப் பார்க்கலாம். பூபாலசிங்கம் புத்தகசாலையில் நம் ஊரில் கிடைக்காத ஈழத்துப் புத்தகங்கள் கிடைக்கும். பெட்டியின் எடையை நினைத்து வாங்குங்கள், நான் நினைக்கவில்லை.

ஒரு பலசரக்குக் கடையில் அம்மா நுழைந்ததுமே கல்லாவில் இருந்த பெண், "வாங்கோ அம்மா, இருங்கோ. எங்கயிருந்து வந்தனீங்கள்?" என்றார்.

"வேலூர்ம்மா."

"சி.எம்.சி. ஆஸ்பத்திரி வேலூரோ? எங்கட மாமாவை அங்கதான் கொண்டுவந்து காட்டினது. காந்தி ரோட்டில ஒரு மாசம் இருந்தனாங்கள்."

அப்புறம் விலை பேசவே அம்மாவுக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த ஆற்காடு மக்கன் பேடாப் பெட்டி ஒன்றை அங்கேயே கொடுத்துவிட்டார். நீங்களும் இரண்டு பெட்டி கூடுதலாகக் கொண்டுபோங்கள், யாருக்காவது கொடுக்கத் தோன்றும்.

மேல்மொணவூர் நண்பரின் தாயார் கேட்டது வறுத்து அரைத்த யாழ்ப்பாணக் கறித்தூள் ஒரு கிலோ, சிவப்பரிசி மா ஒரு கிலோ. இப்படிப் பொடி வாங்கினால் கடையிலேயே இரண்டு உறை போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள், பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். எங்கள் துணியெல்லாம் ஒரு வாரம் அந்தக் கறித்தூள் வாசம் அடித்தது. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா பிரிக்காமல், முகத்துக்கு அருகே வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.